இரண்டு நியமனக் கடிதங்கள்: காண்ட்ராக்ட் வேலையும் குறித்த கால வேலையும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கத்து ஆலைகளில் ஷிப்ட் விடும் நேரத்தில் வெளியே வருகிறவர்களை யார் நிரந்தரம், யார் தற்காலிகம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரே பேருந்து, ஒரே கேன்டீன், பெரும்பாலும் ஒரே வேலை. நிரந்தரம், காண்ட்ராக்ட், அப்ரண்டிஸ் என்று நெடுநாளாக இருந்த வகைகளோடு, 'எஃப்.டி.இ.' என்று எச்.ஆர். அலுவலகங்கள் அழைக்கும் குறித்த கால நியமனமும் அண்மை ஆண்டுகளில் சேர்ந்திருக்கிறது.

டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்துவிட்டு வேலை தேடும் ஒருவருக்கு இன்று கிடைக்கக்கூடிய தற்காலிக வேலைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, ஒப்பந்ததாரர் வழியாக ஆலைக்குள் போவது. மற்றொன்று, ஆலையே ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ என்று காலம் குறித்து எடுத்துக்கொள்வது. இரண்டு கடிதங்களும் ஒரே வாரத்தில் கைக்கு வந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "கையில எவ்வளவு வரும்?" என்பதுதான். அந்தக் கேள்வியில் தவறில்லை, ஆனால் பாதிக் கணக்குதான் அதில் இருக்கிறது.

தற்காலிகத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் பலன்களை இரண்டாகப் பிரிக்கலாம். பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் ஆளோடு வருபவை; எங்கே வேலைக்குப் போனாலும் எண் மாறாது. கிராஜுவிட்டி, போனஸ், சம்பளத்துடன் கூடிய விடுப்பு, பணி நிரந்தரம் ஆகியவை முதலாளியோடு நிற்பவை. முதலாளி மாறினால் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். முதல் வகையில் காண்ட்ராக்டுக்கும் குறித்த கால வேலைக்கும் காகிதத்தில் வேறுபாடே இல்லை. இரண்டாம் வகையில் வேறுபாடு பெரிது. இரண்டையும் வரிசையாக ஒப்பிட்டால் அது ரூபாய்க் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

முதலாளி யார்?

காண்ட்ராக்ட் வேலையில் வேலை சொல்பவர் ஒருவர், சம்பளம் போடுபவர் வேறொருவர். லைனில் நிற்கும் சூப்பர்வைசர் ஆலைக்காரர். பிஎஃப் ஏன் ஏறவில்லை என்று அவரிடம் கேட்டால், "உங்க காண்ட்ராக்டரைக் கேளுங்க" என்று முடித்துக்கொள்வார். காண்ட்ராக்டரைக் கேட்டால், "கம்பெனி இன்னும் பில் பாஸ் பண்ணலை" என்பார். பொறுப்பு இருவருக்கும் நடுவில் விழுந்து கிடக்கும்.

சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஆலை நிர்வாகத்தை 'முதன்மை வேலையளிப்பவர்' என்று வரையறுத்து, ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால் அதை நிர்வாகமே கொடுத்துவிட்டு அவரிடம் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின் கீழும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. குடிநீர், கழிப்பறை, ஓய்வறை, கேன்டீன், முதலுதவி போன்ற வசதிகளைச் செய்து தருவதும் இப்போது முதன்மை வேலையளிப்பவரின் கடமை. நிறுவனத்தின் மைய வேலைகளில், சில விலக்குகள் தவிர, ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தக் கூடாது என்கிறது புதிய தொகுப்பு. ஆனால் முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பொருந்திய ஒழுங்குமுறை, இப்போது 50 பேர் இருந்தால்தான் பொருந்தும். சிறிய காண்ட்ராக்டர்களிடம் வேலை பார்ப்பவர்களுக்கு இது இழப்புதான்.

குறித்த கால நியமனத்தில் இந்த இரட்டை முதலாளிச் சிக்கல் இல்லை. கடிதத்தில் கையெழுத்திடும் நிறுவனமே வேலையும் சொல்லும், சம்பளமும் போடும். மத்திய விதிகளில் இந்த முறை 2016இல் ஆயத்த ஆடைத் துறைக்கு மட்டும் என்று அனுமதிக்கப்பட்டு, 2018 மார்ச்சில் எல்லாத் துறைகளுக்கும் விரிந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்பு அதற்குத் தெளிவான இலக்கணம் கொடுத்தது: எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும், அதே வேலையோ அதைப் போன்ற வேலையோ செய்யும் நிரந்தரத் தொழிலாளியைவிட வேலை நேரம், ஊதியம், படிகள், பிற பலன்கள் எதிலும் குறை வைக்கக் கூடாது, சட்டப்படியான பலன்களை வேலை செய்த காலத்துக்கு ஏற்ற விகிதத்தில் தர வேண்டும்.

ஒரு கண்ணியை மட்டும் கவனிக்க வேண்டும். ஆள் அனுப்பும் நிறுவனங்களும் குறித்த கால நியமனக் கடிதம் கொடுப்பதுண்டு. அப்போது 'நிரந்தரத் தொழிலாளிக்கு இணையாக' என்ற சொல், ஆள் அனுப்பும் நிறுவனத்தின் நிரந்தர ஊழியரைத்தான் குறிக்கும் என்று வாதிட இடம் உண்டு. ஆகவே கடிதத்தில் 'குறித்த காலம்' என்று இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், தலைப்பில் யாருடைய பெயர் அச்சாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிஎஃப்: விகிதம் ஒன்று, அனுபவம் வேறு

கணக்குக்கு வசதியாக, இரண்டு வேலையிலும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து ரூ.15,000, மற்ற படிகள் ரூ.3,000, ஆக மொத்தம் ரூ.18,000 என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் பங்கு 12 விழுக்காடு, அதாவது ரூ.1,800. நிர்வாகமும் அதே ரூ.1,800 போட வேண்டும். ஆனால் நிர்வாகப் பங்கில் ரூ.1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும். பிஎஃப் கணக்கில் சேருவது ரூ.550 மட்டுமே. ஓராண்டு முடிவில் வட்டி நீங்கலாக ரூ.28,200 நிற்கும். காண்ட்ராக்ட் ஆனாலும் குறித்த காலம் ஆனாலும் இந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூட மாறக் கூடாது. ஒப்பந்ததாரர் வழியாக வேலை செய்பவரையும் 1952ஆம் ஆண்டின் பிஎஃப் சட்டம் ஊழியர் என்றே வைத்திருக்கிறது. ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் ஆலை நிர்வாகம் பொறுப்பு.

நடைமுறையில் மூன்று இடங்களில் வழி பிரிகிறது.

முதலாவது, அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்குவது. மொத்தம் ரூ.18,000 என்றாலும் அடிப்படையை ரூ.7,000 என்று காட்டி, மிச்சத்தை விதவிதமான படிகளாகப் பிரித்துவிட்டால் பிஎஃப் பிடித்தம் பாதிக்கும் கீழே இறங்கும். கையில் வரும் பணம் கூடுவதால் தொழிலாளிக்கும் முதலில் இது பிடித்துப் போகும். எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படிகள் அடிப்படை ஊதியத்தோடு சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும் என்று புதிய தொகுப்புகள் சொல்கின்றன. நிரந்தரத் தொழிலாளரோடு ஒப்பிட வேண்டிய கட்டாயம் இருப்பதால், குறித்த கால ஊழியருக்கு இந்தச் சுருக்கல் வேலை அவ்வளவு எளிதில் நடக்காது. காண்ட்ராக்ட் சம்பளச் சீட்டில்தான் இதைக் கூடுதலாகத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாவது, 'சிடிசி' என்ற மொத்தச் செலவுக் கணக்கு. மாதம் ரூ.20,500 என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, தொழிலாளியின் பங்கோடு நிர்வாகப் பங்கையும் அதிலிருந்தே கழித்துக் கொடுப்பார்கள். ஒப்புக்கொண்ட சம்பளத்திலிருந்து நிர்வாகப் பங்கைப் பிடிக்க பிஎஃப் திட்டம் அனுமதிப்பதில்லை. நேர்காணலிலேயே, "இது நிர்வாகப் பங்கு சேர்த்தா, சேர்க்காமலா?" என்று கேட்டுவிடுவது நல்லது. மொத்தச் செலவு என்றால், நமது கணக்கில் ரூ.18,000 சம்பளத்துக்கே பிஎஃப், இஎஸ்ஐ, காப்பீடு, நிர்வாகக் கட்டணம் எல்லாம் சேர்ந்து ரூ.20,500ஐ ஒட்டிப் போய்விடும். காதில் விழுந்த தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையே ரூ.4,000க்கு மேல் வித்தியாசம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, காண்ட்ராக்டர் மாறுவது. ஆலையில் மெஷின் மாறாது, நிற்கும் இடம் மாறாது. டெண்டர் மாறியதால் காண்ட்ராக்டர் மட்டும் மாறியிருப்பார். ஒவ்வொரு காண்ட்ராக்டருக்கும் தனி பிஎஃப் கோடு இருப்பதால், யூஏஎன் என்ற பொதுக் கணக்கு எண் ஒன்றாக இருந்தாலும் அதன் கீழ் புதிய உறுப்பினர் கணக்கு ஒன்று திறக்கும். பழைய காண்ட்ராக்டர் வேலையை விட்ட தேதியைப் பதியாமல் போயிருந்தால் பணத்தை எடுக்கவோ மாற்றவோ முடியாமல் நிற்கும். கடைசிச் சந்தா ஏறி இரண்டு மாதம் ஆகிவிட்டால் அந்தத் தேதியை இணையதளத்தில் தொழிலாளியே பதிந்துகொள்ளலாம். இந்த வசதியைத் தெரிந்துகொள்ளாமல் காண்ட்ராக்டரைத் தேடி அலைகிறவர்கள் பலர்.

ஓய்வூதியக் கணக்குக்கும் இதே எச்சரிக்கை தேவை. மொத்தம் 10 ஆண்டுச் சேவை இருந்தால்தான் 58 வயதில் மாத ஓய்வூதியம் கிடைக்கும். ஒவ்வொரு வேலை முடிந்ததும் அந்தப் பணத்தையும் எடுத்துவிட்டால் சேவைக் காலம் பூஜ்யத்துக்குத் திரும்பும். எடுக்காமல் மாற்றிக்கொண்டே போனால், எட்டு முதலாளிகளிடம் பார்த்த வேலையும் ஒரே சேவையாகக் கூடும். வருமான வரிக்கும் இப்படியே: ஐந்தாண்டுத் தொடர் சேவைக்கு முன் பிஎஃப் பணத்தை எடுத்தால் அது வரிக்கு உட்படும், மாற்றிக்கொண்டு வந்தால் பழைய ஆண்டுகளும் கணக்கில் சேரும்.

இஎஸ்ஐ: நாளைப் பார்த்துக் கொடுக்கும் காப்பீடு

மாத ஊதியம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. தொழிலாளி 0.75 விழுக்காடு, நிர்வாகம் 3.25 விழுக்காடு. நமது கணக்கில் தொழிலாளிக்கு ரூ.135, நிர்வாகத்துக்கு ரூ.585. பிஎஃபும் இஎஸ்ஐயும் போகக் கைக்கு வருவது ரூ.16,065. இரண்டு வகை வேலைக்கும் விகிதம் ஒன்றே. ஓவர்டைம் சேர்ந்து ரூ.21,000 தாண்டினால் இஎஸ்ஐ போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைம் கணக்கில் வராது. சந்தா மட்டும் அதற்கும் பிடிப்பார்கள்.

தற்காலிகத் தொழிலாளிக்கு இஎஸ்ஐயில் எது எப்போது கிடைக்கும் என்பதுதான் முக்கியம். சிகிச்சை சேர்ந்த நாளிலிருந்தே உண்டு. வேலையில் காயம் பட்டால் ஊதிய இழப்பீடும் முதல் நாளிலிருந்தே உண்டு. இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. தற்காலிக ஊனத்துக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போய் வரும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இதில் சேரும். காஞ்சிபுரத்திலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் இரவு ஷிப்டுக்கு வந்து போகிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய விதி இது.

நோய்க்கால உதவித்தொகைக்குக் காத்திருக்க வேண்டும். சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டு. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி–ஜூனில். அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கு ஜூலை–டிசம்பரில். ஒரு சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா இருந்தால், ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் பலன் காலம் ஒன்பது மாதம் கழித்துத்தான் திறக்கும். ஜூன் 1இல் சேர்ந்தவருக்கு மார்ச் 1 முதல். அதாவது 11 மாத ஒப்பந்தத்தில் புதிதாக வருகிறவர், கடைசி இரண்டு மாதம் மட்டுமே இந்த உதவிக்குள் இருப்பார். ஏற்கெனவே இஎஸ்ஐ எண் இருக்கிறவர் பழைய எண்ணைக் காட்டாமல் புதிய எண் வாங்கிக்கொண்டால், இந்த ஒன்பது மாதத்தைத் தானாகவே மறுபடி தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

காண்ட்ராக்ட் வேலையில் இங்கே ஒரு சேதம் நடக்கிறது. ஆளை ஒரு மாதம் 'பிரேக்'கில் உட்கார வைப்பது, பாதிப் பேரைப் பட்டியலில் ஏற்றாமல் விடுவது, வேலை செய்த 26 நாளை 15 நாளாகக் காட்டுவது ஆகியவை எல்லாம் 78 என்ற எண்ணை நேராக அடிக்கும். பிஎஃபில் இப்படிச் செய்தால் பணம் குறையும். இஎஸ்ஐயில் செய்தால் உரிமையே கதவடைத்துக்கொள்ளும். குறித்த கால வேலையில் வருகைப் பதிவு ஆலையின் சொந்தக் கணினியில் இருப்பதால் இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு.

பெண் தொழிலாளர்களுக்கு மகப்பேற்றுப் பலன் தனியாகக் கவனிக்க வேண்டியது. இஎஸ்ஐயில் முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் சந்தா இருந்தால் 26 வார முழு ஊதியம் கிடைக்கும். ஒப்பந்தம் இடையில் முடிந்துபோனால் என்ன ஆகும் என்ற கேள்வி, இஎஸ்ஐக்கு வெளியே இருந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லியில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றிய ஒரு மருத்துவரின் அந்த வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் மகப்பேற்றுப் பலன் நீளும் என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. "உங்க காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சே" என்று சொல்லி அனுப்புபவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பதில் சொல்லும்.

கிராஜுவிட்டியும் மற்றவையும்

இரண்டு கடிதங்களும் உண்மையில் பிரியும் இடம் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே ஐந்தாண்டுத் தொடர் சேவை வேண்டும். இறப்புக்கும் ஊனத்துக்கும் மட்டும் விலக்கு. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இந்த உரிமை உண்டுதான். ஆனால் ஐந்தாண்டு ஒரே ஒப்பந்ததாரரிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். மூன்றாண்டில் மூன்று ஒப்பந்ததாரர் மாறும் ஆலைகளில் அது எட்டாக்கனி.

குறித்த கால ஊழியருக்குப் புதிய தொகுப்பு ஐந்தாண்டை ஓராண்டாக இறக்கிவிட்டது. கணக்கு பழையதே: கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கான தொகை. ரூ.15,000க்கு அது ரூ.8,654. மூன்றாண்டு குறித்த கால வேலைக்குச் சுமார் ரூ.25,960. அதே மெஷினில் அதே மூன்றாண்டு காண்ட்ராக்டில் நின்றவருக்கு ஒன்றுமில்லை.

இதற்கும் ஒரு கள்ளக் கதவு உண்டு. ஒப்பந்தம் 12 மாதமா, 11 மாதமா என்று பாருங்கள். சட்டம் ஓராண்டு என்கிறது. ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான ஓராண்டாகும் என்ற பழைய கணக்கை வைத்து 11 மாதக்காரரும் வாதாடலாம். வாதாடாமல் கிடைக்க வேண்டுமென்றால் கடிதத்தில் 12 மாதம் இருக்க வேண்டும்.

போனஸில் வேறுபாடு குறைவு. ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே உரிமை உண்டு, ரூ.21,000 வரை ஊதியம் வாங்குபவர்களுக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு, கூடியது 20 விழுக்காடு. ரூ.7,000ஐயோ அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தையோ, எது கூடுதலோ அதை வைத்துக் கணக்கிடுவார்கள். ஆலை தன் ஆட்களுக்கு 20 விழுக்காடு அறிவிக்கும் தீபாவளியில் காண்ட்ராக்டர் 8.33ஐயே கொடுக்கலாம்; சட்டத்தின் முன் அவர் வேறு முதலாளி. குறித்த கால ஊழியர் ஆலையின் பட்டியலிலேயே இருப்பதால் ஆலையின் விகிதத்தைக் கேட்கலாம். இருவருக்கும் பொதுவான இடர் ஒன்று: போனஸ் கணக்காண்டு முடிந்த பிறகு வருவது. மே மாதம் வேலையை விட்டவர் அக்டோபரில் தன் பங்கைக் கேட்டு வாங்க வேண்டும், அது வீடு தேடி வராது.

சம்பளத்துடன் கூடிய விடுப்பு 20 நாள் வேலைக்கு ஒரு நாள். முன்பு ஆண்டில் 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். புதிய தொகுப்பில் 180 நாள். எடுக்காத விடுப்புக்கு, வேலை முடியும்போது பணம் தர வேண்டும். ஓராண்டுக்கு 14 நாள் அளவுக்குச் சேர்ந்திருக்கும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், ஐந்து பண்டிகை நாட்களும் தற்காலிகம், நிரந்தரம் பாராமல் சம்பள விடுமுறை. பேருந்து, மானிய விலைச் சாப்பாடு, நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு போன்றவற்றில் குறித்த கால ஊழியருக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஆலையின் மனசுதான் கணக்கு.

கடைசி நாளும் 480 நாளும்

குறித்த கால வேலைக்கு ஒரு விலை உண்டு. கடிதத்தில் இருக்கும் தேதி வந்ததும் வேலை தானாக முடிந்துவிடும். அது ஆட்குறைப்பு ஆகாது. முன்னறிவிப்பும் இழப்பீடும் கேட்க முடியாது. காண்ட்ராக்ட் தொழிலாளி ஓராண்டில் 240 நாள் தாண்டியிருந்தால், ஆட்குறைப்பு என்று சொல்லி ஒப்பந்ததாரரிடம் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடாகக் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. கேட்டு வாங்கியவர்கள் அரிது என்பது வேறு விஷயம். கணக்குத் தீர்ப்பதில் இருவரும் சமம்: வேலையை விட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிச் சம்பளம் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு.

தமிழ்நாட்டில் இதோடு ஒரு தனிச் சட்டமும் சேருகிறது. 1981ஆம் ஆண்டின் தொழிலாளர் பணி நிரந்தரச் சட்டப்படி, 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். மாதம் 26 நாள் என்றால் பத்தொன்பதாவது மாதத்தில் அந்த எண்ணைத் தொடலாம். 'பிரேக்' கொடுக்கும் பழக்கத்துக்குப் பின்னால் இந்த எண்ணின் பயம் இருக்கிறது.

காண்ட்ராக்ட் தொழிலாளி இதை ஆலைக்கு எதிராகப் பயன்படுத்த, ஒப்பந்ததாரர் வெறும் பெயருக்குத்தான், உண்மையான முதலாளி ஆலையே என்று நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தமுறை தடை செய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக ஆலையின் ஊழியராகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2001இல் பொதுத்துறை உருக்கு நிறுவனமான செயில் வழக்கில் சொன்ன பிறகு, அந்த வழி நீண்டுபோயிற்று. குறித்த கால ஊழியருக்கு முதலாளி யார் என்ற சண்டை இல்லை. ஆனால் காலம் முடிவது இயல்பு என்ற மத்திய ஏற்பாடும், 480 நாள் தாண்டினால் நிரந்தரம் என்ற மாநிலச் சட்டமும் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஈராண்டுக் கடிதம் வாங்குகிறவர் தன் வருகை நாட்களைத் தானே எழுதி வைத்துக்கொள்வது வீண் வேலை ஆகாது.

சேரும் வாரத்தில் செய்ய வேண்டியவை

எந்தக் கடிதம் என்றாலும் முதல் வார வேலை ஒன்றுதான். பழைய யூஏஎன், இஎஸ்ஐ எண்களைக் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். முன்பு பிஎஃப் இருந்ததா என்று கேட்கும் உறுதிமொழிப் படிவத்தில் 'இல்லை' என்று யாராவது தாங்களாகவே டிக் அடித்துவைத்திருக்கலாம். படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

நமக்கென்றே ஒரு தொல்லை இன்ஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓரெழுத்தாக நிற்பது, பான் அட்டையில் அப்பா பெயராக விரிந்து பின்னால் போயிருக்கும். வங்கிக் கணக்கில் இன்ஷியலே இருக்காது. மூன்றும் ஒத்துப்போகாவிட்டால், பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது நிராகரிப்பு வரும். அப்போது திருத்த காண்ட்ராக்டரின் ஒப்புதல் தேவைப்பட்டு, அவர் அதற்குள் வேறு ஊருக்குப் போயிருந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். சேரும் முன்பே ஆதாரை ஒட்டி மற்றவற்றைத் திருத்திவிடுவது நல்லது.

வாரிசுப் பதிவைத் தள்ளிப்போடக் கூடாது. பிஎஃபோடு சேர்ந்து வரும் உயிர்க் காப்பீடு அதிகபட்சம் ரூ.7 லட்சம் வரை தரும். தொழிலாளி இதற்குத் தனியாக எதுவும் கட்டுவதில்லை. வேலைக்கு வேலை இரண்டு மாதம் வரை இடைவெளி விழுந்தாலும் தொடர் சேவையாகவே கருதலாம் என்று 2025இல் விதி தளர்ந்திருப்பது தற்காலிகத் தொழிலாளருக்கு நல்ல செய்தி.

இரண்டாம் மாதச் சம்பளம் வந்ததும், பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசியாக ஏறிய பிஎஃப் தொகை குறுஞ்செய்தியாக வரும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து கணக்கில் ஏறாமல் இருந்தால், கேட்க வேண்டிய நேரம் அதுதான். காண்ட்ராக்டருக்கு எழுத்தில் கொடுக்கும் புகாரின் நகலை ஆலையின் எச்.ஆர். அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டும். முதன்மை வேலையளிப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்ற சட்டம் அந்த நகல் போன பிறகுதான் வேலை செய்யத் தொடங்கும்.

எதை எடுப்பது?

ஒரே சம்பளம், ஓராண்டோ அதற்கு மேலோ, ஆலையின் பெயரிலேயே கடிதம் என்றால் குறித்த கால வேலையே மேல். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. காண்ட்ராக்டில் சம்பளம் கூடுதலாக இருந்தால்தான் கணக்குப் போட வேண்டும். ஓராண்டுக் கிராஜுவிட்டி ரூ.8,654ஐ 12ஆல் வகுத்தால் மாதம் ரூ.721. காண்ட்ராக்டர் தரும் கூடுதல் அதற்குக் கீழே இருந்தால், அந்தக் கூடுதலைக் காட்டி உங்களிடமிருந்து அதைவிடப் பெரிய தொகையை எடுத்துக்கொள்கிறார் என்று பொருள். போனஸ் விகிதத்திலும் விடுப்பிலும் வரக்கூடிய வேறுபாட்டையும் சேர்த்தால், மாதம் ஆயிரத்துக்கு மேல் கூடுதல் இருந்தால்தான் காண்ட்ராக்ட் பக்கம் தராசு சாயத் தொடங்கும்.

ஐந்தாறு மாதம் மட்டும் வேலை பார்த்துவிட்டு மேல்படிப்புக்கோ வெளிநாட்டுக்கோ போகப் போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். அவருக்கு இரண்டு பக்கமும் கிராஜுவிட்டி இல்லை; பிஎஃபும் இஎஸ்ஐயும் இரண்டு பக்கமும் ஒன்று. அவர் கையில் கூடுதலாக வரும் காண்ட்ராக்ட் சம்பளத்தை வாங்கிக்கொள்ளலாம், பிஎஃப் மாதாமாதம் ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

காண்ட்ராக்ட் முறையைப் பலர் வசைபாடுவதும், குறித்த கால முறையைத் தொழிற்சங்கங்கள் சந்தேகத்தோடு பார்ப்பதும் காரணமில்லாமல் இல்லை. முதல் முறை பொறுப்பைக் கலைக்கிறது. இரண்டாவது முறை பொறுப்பை ஒரே இடத்தில் வைத்துவிட்டு, நிரந்தரம் என்ற நம்பிக்கையை எடுத்துக்கொள்கிறது. கொள்கை விவாதம் தொடரட்டும். நாளை காலை கையெழுத்திட வேண்டியவர் பார்க்க வேண்டியவை மூன்று: கடிதத்தின் தலைப்பில் இருக்கும் பெயர், முடிவுத் தேதி, அடிப்படைச் சம்பளம். கையில் வரும் தொகையை நான்காவதாகப் பார்த்தால் போதும்.